எல்லோரும் ஒரே நேரத்தில் அளந்தால்

கெட்டிக்காரப் பிள்ளைகளே, முதலில் ஒரு கேள்வி. காலை 5.30 மணிக்கு கொஸ்லந்தப் பக்கத்து லயங்களில் என்ன நடக்கும்?

இது உங்களுக்குத் தெரியாததா! அடுப்பில் தேத்தண்ணி கொதிக்கும். ரொட்டி வேகும் வாசம் வரும். பெரியவர்கள் பிரட்டுக்குப் போக ஆயத்தமாவார்கள். வெளியே மூடுபனி. நீங்கள் போர்வைக்குள், "இன்னும் அஞ்சே நிமிசம்" என்று சுருண்டு கிடப்பீர்கள்.

சரி, அதே நிமிடத்தில் உலக விஞ்ஞானிகளின் மணிக்கூட்டில் என்ன நேரம்? பூச்சியம்! ஆமாம், சரியாகப் பூச்சிய மணி. இங்கிலாந்திலுள்ள கிறீனிச் நேரத்தைவிட நமது இலங்கை நேரம் ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. அங்கே நள்ளிரவு 12 அடிக்கும்போது இங்கே காலை 5.30. அந்த நள்ளிரவைத்தான் விஞ்ஞானிகள் ஒரு நாளின் தொடக்கமாக வைத்திருக்கிறார்கள்.

அந்த நேரம் வந்ததும் உலகம் முழுவதும் வானிலை அவதான நிலையங்களில் வெப்பநிலையையும் காற்றின் அமுக்கத்தையும் குறித்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்தை ஒட்டி, நூற்றுக்கணக்கான இடங்களில் பெரிய பலூன்களை வானத்தில் விடுகிறார்கள். பலூனின் அடியில் ஒரு சின்னப் பெட்டி தொங்கும். அது மேலே போகப் போக, "இங்கே இவ்வளவு குளிர், இவ்வளவு ஈரம்" என்று வானொலி அலையில் சொல்லிக்கொண்டே போகும். வட துருவத்துப் பக்கமும் பலூன் ஏறும். தென் துருவத்துப் பனி மேலும் பலூன் ஏறும்.

எதற்காக எல்லோரும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும்? ஆளுக்கொரு நேரத்தில் அளந்தால் என்ன? இதைக் கேட்கத் தோன்றிய பிள்ளைக்கு ஒரு சபாஷ். இன்றைக்கு நாம் பேசப்போவதே இதைப் பற்றித்தான்.

கொழுந்து நிறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மலையில் தராசைத் தொங்கவிட்டு, சாக்கை மாட்டி, கணக்கப்பிள்ளை கிலோவைப் புத்தகத்தில் எழுதுவார். அந்தத் தராசு ஒரு கிலோ குறைத்துக் காட்டினால் எவ்வளவு சத்தம் வரும்! வரத்தானே வேண்டும்? இப்போது இப்படி நினைத்துப் பாருங்கள். மேல் டிவிசன் தராசு ஒரு மாதிரி, கீழ் டிவிசன் தராசு இன்னொரு மாதிரி. ஒரு இடத்தில் காலையில் நிறுக்கிறார்கள், இன்னொரு இடத்தில் மழையில் நனைந்த கொழுந்தை மாலையில் நிறுக்கிறார்கள். எல்லாவற்றையும் கூட்டி, "இன்றைக்குத் தோட்டத்தில் இவ்வளவு கொழுந்து" என்று சொன்னால் அது உண்மையான கணக்கா?

இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பூமியை அளப்பதும் அப்படித்தான். தராசு ஒத்துப்போக வேண்டும், நேரமும் ஒத்துப்போக வேண்டும். அப்புறம்தான் கூட்ட முடியும்.

இதை முதலில் உரக்கச் சொன்னவர் ஒரு கடற்படை அதிகாரி. பெயர் கார்ல் வைப்ரெக்ட். ஒஸ்திரியா-ஹங்கேரி என்று அப்போது ஒரு பெரிய நாடு இருந்தது. அந்த நாட்டுக்காரர். 1872ஆம் ஆண்டு 'டெகெத்தொஃப்' என்ற கப்பலில் அவரும் தோழர்களும் வடக்கே போனார்கள். கடல் உறைந்து, கப்பலைச் சுற்றிப் பனி இறுகிக்கொண்டது. அசைய முடியவில்லை. ஒரு குளிர்காலம் போயிற்று. இன்னொரு குளிர்காலமும் போயிற்று. கடைசியில் 1874இல் கப்பலை அங்கேயே விட்டுவிட்டு, படகுகளைப் பனிமேல் இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் நடந்தார்கள். ஒரு ரஷ்யக் கப்பல் அவர்களைக் கண்டு காப்பாற்றியது.

வீட்டுக்கு வந்த வைப்ரெக்டை எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் அவர் மனதில் ஒரு குறை. அவர் கப்பலில் இருந்தபோது காந்த ஊசியைத் தினமும் கவனித்தவர். வானத்தில் பச்சையும் சிவப்புமாகத் துருவ ஒளி ஆடும் நேரங்களில், காந்த ஊசியும் நடுங்கும். ஏன் நடுங்குகிறது? அங்கே நிலத்துக்குள் ஏதும் இருக்கிறதா? இல்லை, வெளியிலிருந்து ஏதும் வருகிறதா?

கொஞ்சம் நில்லுங்கள். இதை நீங்களே யோசித்துப் பாருங்கள். எப்படிக் கண்டுபிடிக்கலாம்?

வெவ்வேறு இடங்களில் ஊசிகளை வைக்க வேண்டும். ஒரே நிமிடத்தில் எல்லா ஊசியும் ஆடினால், காரணம் பூமிக்கு வெளியே. ஒரு ஊசி மட்டும் ஆடினால், காரணம் அந்த இடத்திலேயே. தனி ஒருவர் எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் இதைத் தனியாகச் செய்ய முடியாது. ஒரு நாட்டாலும் முடியாது. (பின்னாளில் விடை கிடைத்தது: சூரியனிலிருந்து பறந்துவரும் துகள்கள்தான் துருவ ஒளியையும் உண்டாக்குகின்றன, ஊசியையும் ஆட்டுகின்றன.)

ஆகவே வைப்ரெக்ட் 1875இல் ஒரு யோசனை சொன்னார். யார் முதலில் துருவத்தைத் தொடுவது, யார் கொடியை முதலில் நடுவது என்ற ஓட்டப்பந்தயம் போதும். பல நாடுகள் சேர்ந்து துருவத்தைச் சுற்றி நிலையங்கள் போடட்டும். ஒரே மாதிரிக் கருவி. ஒரே நேரம். ஒரு வருடம் முழுக்க அளப்போம். பிறகு எல்லாக் கொப்பிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

அந்த யோசனை நிறைவேறியது. 1882 ஓகஸ்ட் முதல் 1883 ஓகஸ்ட் வரை பத்துக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்தன. அதுதான் முதலாவது சர்வதேச துருவ ஆண்டு. ஆனால் வைப்ரெக்ட் அதைப் பார்க்கவில்லை. 1881இலேயே காசநோயில் இறந்துவிட்டார். அப்போது அவருக்கு 42 வயது.

அந்த ஆண்டுக்காகக் கொடுத்த விலையும் சின்னதல்ல. அமெரிக்காவிலிருந்து போன ஒரு குழுவில் 25 பேர். அவர்களுக்கு உணவு கொண்டுபோன கப்பல்களால் பனியைத் தாண்டிப் போய்ச் சேர முடியவில்லை. 6 பேர் மட்டும் உயிரோடு மிஞ்சினார்கள். பட்டினியில் கிடந்தபோதும் அளந்து எழுதிய குறிப்புகளை அவர்கள் தொலைக்கவில்லை. இன்றும் ஆர்க்டிக் காலநிலையை ஆராய்கிறவர்கள் அந்த ஆண்டின் எண்களை எடுத்துப் பார்க்கிறார்கள்.

ஐம்பது வருடம் கழித்து, 1932–33இல் இரண்டாவது துருவ ஆண்டு நடந்தது. மூன்றாவதுக்கு இன்னும் ஐம்பது வருடம் பொறுக்க விஞ்ஞானிகளுக்கு மனம் வரவில்லை. இருபத்தைந்து வருடத்திலேயே தொடங்கினார்கள். "துருவம் மட்டும் போதாது, முழுப் பூமியையும் அளப்போம்" என்றார்கள். அதற்குச் சர்வதேச புவிப்பௌதிக ஆண்டு என்று பெயர். 1957 ஜூலை 1ஆம் திகதி தொடங்கி 1958 டிசெம்பர் 31 வரை நடந்தது. 'ஆண்டு' என்று பெயர், ஆனால் 18 மாதம்!

அதில் 67 நாடுகள் சேர்ந்தன. அந்தப் பட்டியலில் நமது நாடும் இருக்கிறது. அப்போது பெயர் சிலோன். பனியே இல்லாத நாட்டுக்கு அங்கே என்ன வேலை என்று நினைக்காதீர்கள். சூரியனிலிருந்து ஒரு புயல் வந்தால் துருவத்திலும் ஊசி ஆடும், பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலும் ஆடும். இரண்டு முனையை மட்டும் பார்த்தால் நடுவில் நடப்பது தெரியாது. பூமியின் இடுப்பில் இருக்கும் நம்மைப் போன்ற நாடுகளின் எண்களும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் எதிரும் புதிருமாக இருந்தன. ஒன்றையொன்று நம்பாது. இரண்டிடமும் அணுகுண்டு இருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு காரியம் நடந்தது பாருங்கள். கோர்டன் கார்ட்ரைட் என்ற அமெரிக்க வானிலை ஆய்வாளர், அந்தாட்டிக்காவில் சோவியத்துகளின் மீர்னி நிலையத்துக்குப் போய், 1957ஆம் ஆண்டின் குளிர்காலம் முழுக்க அவர்களோடேயே தங்கினார். அதேபோல ஒரு சோவியத் ஆய்வாளர் அமெரிக்கர்களின் நிலையத்தில் தங்கினார். அங்கே பல நாட்டவர்கள் ஒன்றாக உட்கார்ந்து அந்தாட்டிக்காவின் வானிலைப் படத்தை வரைந்தார்கள். அன்று தென் பக்கத்துக் குளிர்காலத்தில் கப்பலும் வராது, விமானமும் வராது. சண்டை பிடித்தாலும் வெளியே போக இடமில்லை!

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். தலைவர்கள் மேசையில் குத்திக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் ஒரே மேசையில் படம் வரைந்தார்கள்.

இதுவரை புரிந்ததா? களைப்பாக இருந்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். அடுத்து வருவது எனக்கு மிகவும் பிடித்த கதை.

அந்த 1957–58க்காகப் பிரித்தானியர்கள் அந்தாட்டிக்காவின் கரையோரப் பனித்தட்டில் ஹேலி என்ற நிலையத்தை அமைத்தார்கள். அங்கே டொப்சன் கருவி என்ற ஒன்றைக் கொண்டுபோய் வைத்தார்கள். வானத்தில் உயரே ஓசோன் என்ற வாயு பரந்திருக்கிறது. சூரியனிலிருந்து வரும் புறஊதாக் கதிர்களில் நம் தோலையும் கண்ணையும் கெடுக்கக்கூடியவற்றை அது தடுத்துவிடும். அந்த ஓசோன் எவ்வளவு இருக்கிறது என்பதை, கீழே வரும் சூரிய ஒளியை வைத்து இந்தக் கருவி கணக்கிடும்.

பெரிய ஆண்டு முடிந்துவிட்டது. எல்லோரும் கைதட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஹேலியில் மட்டும் அளவு நிற்கவில்லை. அறுபதுகளில் அளந்தார்கள். எழுபதுகளில் அளந்தார்கள். புதிதாக ஒன்றும் இல்லை. அதே எண், அதே கொப்பி. எவ்வளவு சலிப்பாக இருந்திருக்கும்!

பிறகு எண் சரியத் தொடங்கியது. ஒவ்வொரு ஒக்டோபரிலும் முன்னர் 300 என்ற அளவில் இருந்தது, 1984 வாக்கில் ஏறக்குறைய 200க்கு இறங்கிவிட்டது. கருவி பழுதோ என்று சந்தேகப்பட்டார்கள். வேறு கருவியைக் கொண்டுவந்து பார்த்தார்கள். அதுவும் அதையேதான் சொன்னது. அந்தாட்டிக்காவின் இன்னொரு பக்கத்தில் ஜப்பானின் ஷோவா நிலையம் இருக்கிறது. அங்கேயிருந்த ஷிகெரு சுபாச்சி என்பவரும் ஓசோன் குறைந்திருப்பதைக் கண்டு 1984இல் அறிவித்திருந்தார். 1985இல் ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனதன் ஷாங்ளின் என்ற மூன்று பேரும் ஹேலியின் எண்களை உலகத்தின் முன் வைத்தார்கள். தென் துருவத்துக்கு மேலே ஓசோனில் பெரிய ஓட்டை!

காரணம் எங்கே இருந்தது? அந்தாட்டிக்காவில் இல்லை. நம்மைப் போன்றவர்கள் வாழும் நாடுகளில், குளிர்சாதனப் பெட்டிகளிலும் ஸ்பிரே டின்களிலும் இருந்த வாயுக்களில். அவற்றில் இருந்த குளோரின் உயரே போய் ஓசோனை உடைத்துக்கொண்டிருந்தது. 1987இல் கனடாவின் மொன்ட்ரியலில் நாடுகள் கூடி அந்த வாயுக்களைக் குறைக்க ஒப்பந்தம் செய்தன. 1989இல் இலங்கையும் அதில் சேர்ந்தது. ஓட்டை இப்போது மெல்ல மெல்லச் சிறுத்து வருகிறது. 2066ஆம் ஆண்டளவில் அந்தாட்டிக்காவுக்கு மேலே ஓசோன் 1980இல் இருந்த அளவுக்குத் திரும்பும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். அப்போது உங்களுக்கு என்ன வயது? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அந்த 18 மாதங்களில் இன்னொரு நல்லதும் விளைந்தது. அந்தாட்டிக்கா யாருக்குச் சொந்தம் என்று ஏழு நாடுகள் உரிமை கோரிக்கொண்டிருந்தன. "அந்தப் பேச்சை அப்படியே நிறுத்தி வைப்போம், இங்கே ஆராய்ச்சி நடக்கட்டும், இராணுவம் வேண்டாம், கண்டுபிடிப்பதை எல்லோரோடும் பகிர்வோம்" என்று 1959 டிசெம்பர் 1ஆம் திகதி 12 நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இன்று அதில் ஐம்பதுக்கும் அதிகமான நாடுகள் இருக்கின்றன. இந்தியா 1983இல் சேர்ந்தது. இலங்கை இன்னும் சேரவில்லை. எனக்கு அது ஒரு குறைதான். உங்களில் யாராவது வளர்ந்து அதைப் பற்றிக் கேளுங்கள்.

இந்தியாவுக்கு அங்கே மைத்ரி, பாரதி என்று இரண்டு நிலையங்கள் உண்டு. மைத்ரிக்குச் சில கிலோமீற்றர் தள்ளி ரஷ்யர்களின் நிலையம். தென்னாபிரிக்காவின் கேப்டவுனிலிருந்து வரும் விமானம் அங்கேதான் பனிமேல் இறங்கும். அந்த விமானச் சேவையை 11 நாடுகள் சேர்ந்து நடத்துகின்றன. ஆளுக்கொரு விமானம் விட்டால் காசும் போதாது, எரிபொருளும் போதாது.

இனி வடக்கே போவோம். நோர்வே நாட்டுக்கும் வட துருவத்துக்கும் நடுவில் ஸ்வல்பார்ட் என்ற தீவுக்கூட்டம். அதில் நீ-ஓலசுண்ட் என்று ஒரு சின்னஞ்சிறு ஊர். அங்கிருந்து வட துருவம் சுமார் 1,200 கிலோமீற்றர்தான். ஒக்டோபர் கடைசியிலிருந்து பெப்ரவரி நடுப்பகுதி வரை சூரியன் தலைகாட்டாது. மரமே இல்லை. வெண்கரடி மட்டும் இருக்கிறது!

இந்த ஊரின் கதையைக் கேட்டால் உங்களுக்கு நம் தோட்டங்கள் நினைவுக்கு வரும். அது ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். கம்பனிக்காரன் கட்டிய வீடுகள், கம்பனிக் கடை, கம்பனி வேலை. 1962 நவம்பர் 5ஆம் திகதி சுரங்கத்துக்குள் வெடிப்பு. 21 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த விபத்துக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டி வந்து, மறு வருடம் நோர்வேயின் அரசாங்கமே கவிழ்ந்தது. சுரங்கத்தை மூடிவிட்டார்கள்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தவில் மண்சரிவு லயங்களை மூடியதை உங்கள் வீட்டில் பேசக் கேட்டிருப்பீர்கள். ஆகவே இதை உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். தொழிலாளர்கள் இறந்த ஓர் ஊர், பிறகு உலகத்துக்கே பயன்படும் ஊராக மாறியிருக்கிறது.

எப்படி மாறியது? சுரங்கக்காரர்கள் இருந்த இடத்துக்கு ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள். இன்று அங்கே நோர்வே, ஜேர்மனி, பிரான்ஸ், பிரித்தானியா, இத்தாலி, நெதர்லாந்து, ஜப்பான், தென்கொரியா, சீனா, இந்தியா என்று பத்து நாடுகள். சீன நிலையத்தின் வாசலில் இரண்டு கற்சிங்கங்களைக் காவலுக்கு வைத்தார்கள். ஜேர்மனியும் பிரான்சும் ஒரே நிலையத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இந்தியாவின் நிலையத்துக்குப் பெயர் ஹிமாத்ரி. 2008இல் திறந்தார்கள்.

சாப்பாடு? எல்லா நாட்டுக்காரருக்கும் ஒரே சாப்பாட்டு மண்டபம். காலையில் கொரியாக்காரர் பாணை எடுத்துக் கொடுக்க, இத்தாலிக்காரர் வாங்கிக்கொள்வார். யார் எதை அளக்கிறார், யாருடைய கருவி பழுது, யாருக்குப் படகு வேண்டும் என்ற பேச்செல்லாம் அங்கேதான். இரண்டு நாடுகள் ஒரே வேலையைத் திரும்பச் செய்து காசையும் காலத்தையும் வீணாக்கக் கூடாது அல்லவா? அதற்காக 1994 முதல் எல்லா நிலையங்களும் சேர்ந்த ஒரு குழுவும் இருக்கிறது.

அந்த ஊருக்குப் போனால் கைத்தொலைபேசியின் வைஃபையையும் புளூடூத்தையும் நிறுத்தச் சொல்வார்கள். ஏன் தெரியுமா? அங்கே பெரிய தட்டு அன்டெனாக்கள் இருக்கின்றன. அவை கோடிக்கணக்கான ஒளியாண்டு தூரத்து விண்பொருள்களிலிருந்து வரும் மெல்லிய வானொலி அலைகளைக் கேட்கும். அதே நேரத்தில் வேறு கண்டங்களில் உள்ள அன்டெனாக்களும் அதே விண்பொருளைக் கேட்கும். ஒரே அலை ஓரிடத்துக்கு முந்தியும் இன்னோரிடத்துக்குக் கொஞ்சம் பிந்தியும் வந்து சேரும். அந்த மிகச்சிறிய நேர வித்தியாசத்தை வைத்து, அன்டெனாக்களுக்கு நடுவில் உள்ள தூரத்தை மில்லிமீற்றர் கணக்கில் கண்டுபிடிக்கிறார்கள். கண்டங்கள் நகர்வதும், பனி உருகியதால் பாரம் குறைந்து நிலம் உயர்வதும் அதில் தெரியும். ஓர் அன்டெனா தனியாக எவ்வளவு கேட்டாலும் இது முடியாது. இரண்டாவது வேண்டும், அதே நேரத்தில் வேண்டும்.

இப்போது ஒரு தமிழ்நாட்டுச் செய்தி. சென்னையில் பள்ளிக்கரணை என்ற இடத்தில் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அங்கே வடிவமைத்த கருவித் தொகுதி ஒன்றை, 2014 ஜூலை 23ஆம் திகதி நீ-ஓலசுண்டின் வாசலில் உள்ள கடலிடுக்கில் இறக்கினார்கள். இறக்க உதவியது 'லான்ஸ்' என்ற நோர்வேக் கப்பல். அந்தக் கருவித் தொகுதிக்கு 'இண்ட்ஆர்க்' என்று பெயர். வேர்த்து ஒழுகும் சென்னையில் வடிவெடுத்த கருவி உறைகுளிர்க் கடலில் வேலை செய்கிறது!

அந்த இடத்தில் ஆழம் 192 மீற்றர். உங்கள் தியலும நீர்வீழ்ச்சி 220 மீற்றர். ஆக, தியலுமவின் உச்சியிலிருந்து ஏறக்குறைய அடிவரை ஒரு கயிற்றைத் தொங்கவிட்டது போன்ற ஆழம். அடியில் பாரம். பாரத்திலிருந்து மேல்நோக்கிக் கயிறு. கயிற்றை நிமிர்த்திப் பிடிக்க மிதவைகள். கயிற்றில் அங்கங்கே உணரிகள். ஒன்று வெப்பநிலை பார்க்கும், ஒன்று உப்பு பார்க்கும், ஒன்று நீரோட்டம் பார்க்கும். இருட்டிலும் பனிக்கு அடியிலும் ஆள் இல்லாமலே எழுதிக்கொண்டிருக்கும்.

ஆழத்தில் கிடக்கும் இப்படிப்பட்ட கருவிகளைத் திரும்ப எடுப்பது எப்படி? கப்பலிலிருந்து தண்ணீருக்குள் ஒரு குறிப்பிட்ட ஒலியை அனுப்புவார்கள். அதைக் கேட்டதும் அடியில் உள்ள கொளுக்கி தானாகக் கழன்றுவிடும். பாரம் அங்கேயே கிடக்க, மிதவைகள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிடும். நல்ல வேலை, இல்லையா?

அந்தக் கடலிடுக்கில் அத்திலாந்திக்கின் வெதுவெதுப்பான நீரும், ஆர்க்டிக்கின் குளிர் நீரும், பனியாறு உருகி வரும் நன்னீரும் கலக்கின்றன. வடக்கே பனி குறைவதற்கும் நம் பக்கத்துப் பருவமழை மாறுவதற்கும் தொடர்பு உண்டா என்று இந்திய விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள். தேயிலைக்கு மழை எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஒற்றுமை எப்போதும் நன்றாகவே ஓடுகிறது என்று சொன்னால் அது பொய். 2022இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. அதன் பிறகு பல மேற்கு நாடுகள் ரஷ்யாவோடு சேர்ந்து செய்துவந்த ஆர்க்டிக் ஆராய்ச்சிகளை நிறுத்திவிட்டன. ஆர்க்டிக் கடலின் கரையில் பாதிக்கு மேல் ரஷ்யாவுடையது. அங்கே நிலத்தடியில் உறைந்து கிடக்கும் மண் உருகுகிறதா, எவ்வளவு உருகுகிறது என்ற எண்கள் இப்போது முன்போல் வருவதில்லை. பாதிக் கொப்பி இல்லாமல் முழுக் கணக்கு எப்படிப் போடுவது? 1957இல் எதிரிகளாலேயே முடிந்தது, இன்றைக்கு முடியாமல் போனது எனக்குப் பெரிய கவலை.

ஆனாலும் விஞ்ஞானிகள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. நான்காவது துருவ ஆண்டு 2007 முதல் 2009 வரை நடந்தது. ஐந்தாவது துருவ ஆண்டை 2032–33இல் நடத்த இப்போதே கூடிக்கூடிப் பேசுகிறார்கள். எதை அளப்பது, யார் எங்கே போவது, கருவிகளை எப்படி ஒத்துப்போகச் செய்வது என்றெல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டுமே. அப்போது உங்களில் பலர் பல்கலைக்கழகம் போகும் வயதில் இருப்பீர்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டுமா? வேண்டாம். நீங்களும் ஒரு சின்னக் கூட்டு ஆராய்ச்சி தொடங்கலாம். நம் தோட்டங்களில் மழையை அளப்பது பழைய வழக்கம். நம் நாட்டில் அதிகாரபூர்வமாக மழையை அளக்கும் நேரம் காலை 8.30. நீங்களும் அந்த நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை லீற்றர் போத்தல் ஒன்று, நேரான பக்கம் உள்ளதாகப் பாருங்கள். மேல் பகுதியை வெட்டி, தலைகீழாக அதற்குள்ளேயே செருகுங்கள். வெட்டும்போது பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கட்டும். போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும். அதனால் சின்னக் கற்களைப் போட்டு, நேரான பகுதி தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றுங்கள். அங்கே ஒரு கோடு. அதுதான் பூச்சியம். அந்தக் கோட்டிலிருந்து மேலே அடிமட்டம் பார்த்து மில்லிமீற்றர் குறியுங்கள். கூரைத் தண்ணீர் சொட்டாத, மரம் மறைக்காத வெளியான இடத்தில், சாயாமல் கல் அடுக்கி வையுங்கள்.

ஒரு போத்தல் போதாது. ஹல்துமுல்லையில் உள்ள உறவுக்காரப் பிள்ளையிடம் சொல்லுங்கள். பூனாகலையில் ஒன்று, ஹப்புத்தளையில் ஒன்று. எல்லோரும் ஒரே அளவுப் போத்தல், ஒரே நேரம். வாசித்ததும் தண்ணீரைப் பூச்சியக் கோடு வரை இறக்கிவிடுங்கள். வெயிலில் தண்ணீர் வற்றியிருந்தால் கோடு வரை நிரப்பிவிடுங்கள். மாதக் கடைசியில் கொப்பிகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒரே மலைத்தொடரில் மழை எவ்வளவு வித்தியாசமாகப் பெய்திருக்கிறது என்று ஆச்சரியப்படுவீர்கள்.

ஒரு முக்கியமான விஷயம். மலைச்சரிவுகளில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் விழிப்பாக இருக்கச் சொல்கிறது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். உங்கள் போத்தலில் 75 தெரிந்தால் உடனே வீட்டில் பெரியவர்களிடம் சொல்லுங்கள். எச்சரிக்கை வந்து வெளியேறச் சொன்னால், போத்தலையும் கொப்பியையும் தேடிக்கொண்டு நிற்காமல் வெளியேறுங்கள்.

கொப்பியில் திகதி, நேரம், மில்லிமீற்றர், எழுதியவர் பெயர் என்று நான்கு நிரல் போதும். மழை இல்லாத நாளில் 0 என்று எழுதுங்கள், வெறுமையாக விடாதீர்கள். நோய் வந்து ஒரு நாள் அளக்க முடியாமல் போனால் மட்டும் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். முந்தின நாள் எண்ணைப் பார்த்து ஊகித்து நிரப்ப வேண்டாம். பிழையாக எழுதிவிட்டால் அழிறப்பரால் அழிக்காமல், ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள்.